மிஷன் ஆஃப் பர்மா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1979 முதல் 1983 வரையும், பிறகு 2002 முதல் 2020 வரையும் இயங்கிய இந்த பாஸ்டன் ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

இவர்கள் பர்மாக்காரர்களா?

இல்லை. எல்லோரும் அமெரிக்கர்கள். நியூயார்க்கில் ஒரு கட்டடத்தில் 'மிஷன் ஆஃப் பர்மா' என்று பொறித்த பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. பர்மா நாட்டின் தூதரக அலுவலகம் அது. அந்தப் பக்கம் போன கிளின்ட் கான்லிக்கு அந்த எழுத்தும் ஓசையும் பிடித்துப்போயின. அவ்வளவுதான் கதை.

நமக்கு அந்தப் பெயர் அவ்வளவு லேசானதில்லை. பர்மா என்றால் தேக்கு, ரங்கூன், செட்டியார்களின் லேவாதேவி, 1942இல் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பியவர்கள், சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். அவர்களுக்கு அது ஒரு பலகை. 1989இல் நாடு மியான்மர் என்று பெயரை மாற்றிக்கொண்டபோது இந்தக் குழு கலைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆகவே பெயரை மாற்றலாமா என்று யோசிக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

யார் யார் இருந்தார்கள்?

கிடார் ரோஜர் மில்லர், பேஸ் கிடார் கிளின்ட் கான்லி, டிரம்ஸ் பீட்டர் பிரெஸ்காட். நாலாவது ஆள் மார்ட்டின் ஸ்வோப். இவர் வாசித்தது டேப் ரெக்கார்டர். அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

மில்லர் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரிலிருந்து பாஸ்டனுக்கு வந்தவர். பியானோவும் தெரிந்தவர். இவரும் கான்லியும் முதலில் 'மூவிங் பார்ட்ஸ்' என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். அது உடைந்ததும் 'த மால்ஸ்' குழுவில் இருந்த பிரெஸ்காட்டைச் சேர்த்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார்கள். முதல் கச்சேரி 1979 ஏப்ரல் 1, பாஸ்டனில். முட்டாள்கள் தினத்தில் தொடங்கிய காரியம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று பேரும் பாட்டு எழுதுவார்கள், மூன்று பேரும் பாடுவார்கள். கான்லியின் பாட்டுகளில் முணுமுணுக்கிற மாதிரி மெட்டு இருக்கும். மில்லருடையது கோணல் மாணலாகப் போகும். அடுத்த அடி எங்கே விழும் என்று ஊகிக்க முடியாது. பிரெஸ்காட் எழுதியது குறைவு, ஆனால் மற்றவர்கள் பாடும்போது பின்னாலிருந்து அவர் போடுகிற கூச்சல் பாதிப் பாட்டுகளுக்கு உயிர்.

பங்க் தெரியும். போஸ்ட்-பங்க் என்றால் என்ன?

1976, 77 வாக்கில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய பங்க் இசை, கிடாரில் மூன்று கார்டு (chord, சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், மேடையேறு என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்களில் சிலர் வெறும் மூன்று கார்டோடு நிற்க விரும்பவில்லை. பங்க்கின் வேகத்தையும் 'யாரையும் கேட்க வேண்டாம், நாமே செய்வோம்' என்ற துணிச்சலையும் வைத்துக்கொண்டு, அதற்குள் டப் (எதிரொலி நிறைந்த ஜமைக்கா இசை), ஃபங்க் (தாளம் முன்னால் நிற்கும் கறுப்பின அமெரிக்க நடன இசை), ஓவியக் கல்லூரிச் சிந்தனை, இரைச்சல் எல்லாவற்றையும் கொட்டினார்கள். பிரிட்டனில் வயர், கேங் ஆஃப் ஃபோர், பப்ளிக் இமேஜ் லிமிடெட். அமெரிக்காவில் கிளீவ்லாந்தின் பெரே உபு. இந்த வரிசையில் பாஸ்டன் தரப்பில் வைக்க வேண்டிய பெயர் மிஷன் ஆஃப் பர்மா.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். இவர்களுடைய முதல் இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டு மேக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ஓவியரைப் பற்றியது. பாட்டின் முடிவில் 'டாடா, டாடா' என்று கத்துகிறார்கள். எர்ன்ஸ்ட் இருந்த கலை இயக்கத்தின் பெயர் அது. கேட்டால் சண்டைப் பாட்டு மாதிரி இருக்கும். விஷயம் ஓவிய வரலாறு.

மேடையில் மூன்று பேர்தானே தெரிகிறார்கள்?

ஆமாம், அதில்தான் வேடிக்கை. ஸ்வோப் மேடையில் நிற்க மாட்டார். அரங்கத்தின் பின்பக்கம், ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். மேடையில் மில்லர் வாசிக்கிற கிடாரையோ யாரோ பாடுகிற வரியையோ சில நொடி டேப்பில் பிடிப்பார். பிறகு அந்தத் துண்டை வளையமாகச் சுழலவிட்டு, வேகத்தை ஏற்றி இறக்கி, சில நேரம் தலைகீழாக ஓட்டி, அதே பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் திரும்ப அனுப்புவார்.

முன்னால் நிற்கிற ரசிகனுக்கு என்ன தெரியும்? மூன்று பேர் வாசிக்கிறார்கள், ஆனால் மூன்று பேருமே வாசிக்காத சத்தம் ஒன்று எங்கிருந்தோ வருகிறது. யார் செய்கிறார்கள் என்று கடைசி வரை கண்டுபிடிக்காமலே வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. இன்று காலால் ஒரு பெட்டியை அழுத்தினால் லூப் ஓடும். அன்று அது காந்த நாடா. பிடிக்கிற துண்டு சரியாக விழாவிட்டால் சரிசெய்ய நேரம் கிடையாது; ஆகவே ஸ்வோப்பும் ஒவ்வொரு இரவும் நேரடியாக வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்தான். சவுண்ட் என்ஜினியர் என்று அவரைக் குறிப்பிட்டால் எனக்குக் கோபம் வரும்.

சுயாதீனக் குழு என்கிறீர்கள். அப்படி என்றால் நடைமுறையில் என்ன?

பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதிலும் ஒப்பந்தம் இல்லை. பாஸ்டனில் ரிக் ஹார்ட் என்பவர் நடத்திய 'ஏஸ் ஆஃப் ஹார்ட்ஸ்' என்ற சின்ன நிறுவனம்தான் இவர்களை வெளியிட்டது. தயாரிப்பும் அவரே. நம் சிற்றிதழ்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்வது சுலபம்: ஒரே மனிதர், அட்டை முதல் அச்சு வரை தானே பார்ப்பார், திருப்தி வரும்வரை விட மாட்டார்.

விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. பாட்டு ஊர் விட்டு ஊர் போனது கல்லூரி வானொலி நிலையங்கள் வழியாகவும், ரசிகர்களே நகலெடுத்து விற்ற பத்திரிகைகள் வழியாகவும்தான். பாஸ்டனில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, மாணவர்கள் நடத்தும் வானொலிக்கும் பஞ்சமில்லை. எம்ஐடி வளாகத்திலேயே ஒன்று உண்டு. அந்த ஊரில் இவர்களுக்குக் கூட்டம் இருந்ததற்கு அது பெரிய காரணம். பாஸ்டனையும் நியூயார்க்கையும் தாண்டினால் நிலைமை வேறு. வேனில் மணிக்கணக்காக ஓட்டிப் போய், காலி அரங்கத்தில் வாசித்துவிட்டுத் திரும்பிய இரவுகள் ஏராளம்.

முதல் கட்டத்தில் என்னென்ன வெளியிட்டார்கள்?

மிகக் கொஞ்சம். 1980இல் 'அகாடமி ஃபைட் சாங்' என்ற சிங்கிள். 1981இல் ஆறு பாட்டுகள் கொண்ட 'சிக்னல்ஸ், கால்ஸ் அண்ட் மார்ச்சஸ்'. 1982இல் 'வெர்சஸ்' என்ற ஒரே ஒரு முழு ஆல்பம்.

இதில் 'சிக்னல்ஸ்' முதலில் அச்சடித்த 10,000 பிரதியும் அந்த வருடத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. ஒற்றை ஆள் நடத்தும் நிறுவனத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. ஆனால் நேரில் கேட்டவர்கள் ஒரு குறை சொன்னார்கள்: ரிக் ஹார்ட் கிடார்மேல் கிடாராக அடுக்கி அழகாகச் செதுக்கிவிட்டார், மேடையில் இருந்த காட்டுத்தனம் தட்டில் இல்லை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. 'வெர்சஸ்' செய்யும்போது அதை மனதில் வைத்து, மேடையில் வாசிப்பதைப் போலவே பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே குழுவா என்று தோன்றும். என் ஓட்டு 'வெர்சஸ்' பக்கம்.

'ரிவால்வர்' பாட்டு வன்முறையைத் தூண்டுகிறதா?

'தட்ஸ் வென் ஐ ரீச் ஃபார் மை ரிவால்வர்' கான்லி எழுதியது. குழுவின் மிகப் பிரபலமான பாட்டும் அதுதான். தலைப்பை அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி மில்லரின் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்தார். அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் இன்னும் பழைய கதை இருக்கிறது. 1933இல் ஹான்ஸ் யோஸ்ட் என்ற நாஜி எழுத்தாளர் எழுதிய நாடகத்தில், பண்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே துப்பாக்கியைத் தயார் செய்வேன் என்று ஒரு பாத்திரம் பேசும். பின்னாளில் அதை நாஜித் தலைவர் கோரிங் சொன்னதாகவே உலகம் நம்பத் தொடங்கிவிட்டது.

பாட்டு அந்தப் பக்கம் போகவில்லை. நம்பிக்கை இழந்த ஒருவனின் வெறுமைதான் அதில் இருப்பது. சரணங்கள் கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி அடங்கி நடக்கும், பல்லவியில் வெடிக்கும். 1996இல் மோபி என்ற அமெரிக்க இசைக் கலைஞர் இதைத் திரும்பப் பாடினார். துப்பாக்கி எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சிக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்காக 'எல்லாம் முடிந்தது என்று அப்போதுதான் உணர்கிறேன்' என்ற பொருளில் வரியை மாற்றிப் பாட வேண்டியிருந்தது. துப்பாக்கியை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

1983இல் ஏன் கலைந்தார்கள்? சண்டையா?

சண்டை இல்லை, பணத் தகராறு இல்லை, போதை இல்லை. மில்லரின் காது.

இவர்கள் அளவுக்கு மீறிச் சத்தமாக வாசிக்கும் குழு. பேருக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வதே அதைத்தான். மில்லருக்கு இரண்டு காதிலும் நிற்காத ரீங்காரம் தொடங்கி, நாளுக்கு நாள் கூடியது. மருத்துவத்தில் இதை டின்னிடஸ் என்பார்கள். இசைக்காரர் என்பதால் தன் காதில் ஒலிப்பது எந்த சுரம் என்று அவரால் சொல்ல முடிந்தது. இதைவிடக் கொடுமையான திறமை இருக்க முடியுமா?

கடைசிச் சுற்றுப்பயணத்தில், துப்பாக்கி சுடும் பயிற்சிக்களத்தில் மாட்டுகிற பெரிய காது மூடியை மாட்டிக்கொண்டுதான் மேடையேறினார். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் முதலில் ஏதோ ஃபேஷன் என்று தோன்றும். 1983 மார்ச் 12 அன்று பாஸ்டனில் பிராட்ஃபர்ட் ஹோட்டல் அரங்கில் விடைபெறும் கச்சேரி. அந்தப் பயணத்தில் பதிவு செய்தவை 1985இல் 'த ஹாரிபிள் ட்ரூத் அபவுட் பர்மா' என்று தட்டாக வந்தன.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்திருக்கலாமே?

பலரும் கேட்பது. மில்லர் அதைத்தான் செய்தார், ஆனால் வேறு குழுவில். 'பேர்ட்சாங்ஸ் ஆஃப் த மெசோசோயிக்' என்று பியானோவை நடுவில் வைத்த குழு ஒன்று ஏற்கெனவே பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்வோப்பும் அதில் இருந்தார். மில்லர் கிடாரை விட்டுவிட்டு அங்கே போனார். மிஷன் ஆஃப் பர்மாவின் பாட்டுகள் சத்தத்தை வைத்தே கட்டியவை. கிடாரின் ஒலி திரும்பத் திரும்பத் தன்மேலேயே மோதி எழுப்புகிற அந்த ஊளை, குறைந்த சத்தத்தில் பிறக்கவே பிறக்காது.

உடம்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் போனால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். ராக் கச்சேரி 100ஐச் சாதாரணமாகத் தாண்டும். நம் ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இடையில் பத்தொன்பது வருடம் என்ன செய்தார்கள்?

ஆளுக்கொரு திசை. பிரெஸ்காட் உடனே 'வால்கேனோ சன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். சத்தத்தை அவர் விடவே இல்லை. கான்லி 1986இல் யோ லா டெங்கோ என்ற குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு, இசையை விட்டு விலகி பாஸ்டன் தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக வேலைக்குப் போனார். பல வருடம் கிடாரைத் தொடவில்லை. மில்லர் பியானோவோடு பல சோதனைகள் செய்தார். பின்னர் மௌனப் படங்களுக்கு நேரடியாகப் பின்னணி இசை வாசிக்கும் 'அலாய் ஆர்கெஸ்ட்ரா'வில் சேர்ந்தார். ஸ்வோப் ஹவாய்க்குக் குடிபோய்விட்டார்.

இல்லாத குழுவுக்கு எப்படிப் பெயர் வந்தது?

மற்ற இசைக்காரர்களால். ஆர்.இ.எம். குழு 1989 சுற்றுப்பயணத்தில் 'அகாடமி ஃபைட் சாங்'கை மேடையில் பாடியது. பெரிய பெரிய அரங்கங்கள் அவை. மிஷன் ஆஃப் பர்மாவைக் கேள்விப்பட்டே இராத கூட்டம். அப்புறம் மோபி. 2000இல் பிளர் குழுவின் கிரகாம் காக்ஸன் தன் தனி ஆல்பத்தில் இவர்களுடைய பாட்டுகள் இரண்டைப் பாடினார். 2001இல் மைக்கேல் அஸெராட் அமெரிக்கச் சுயாதீன ராக் பற்றி எழுதிய புத்தகத்தில் 13 குழுக்களுக்குத் தலா ஒரு அத்தியாயம். அதில் ஒன்று இவர்களுக்கு. இயங்கியது நாலே வருடம், ஒரே ஒரு முழு ஆல்பம், ஆனால் சோனிக் யூத், ஃபுகாஸிக்குப் பக்கத்தில் இடம்.

குழு இயங்காமல் போனதும் ஒரு விதத்தில் உதவியது என்று நினைக்கிறேன். எண்பதுகளின் நடுவில் பல பாஸ்டன் குழுக்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போய் வழவழப்பான, மறக்க வேண்டிய தட்டுகளைப் போட்டார்கள். இவர்களுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

2002இல் திரும்பி வந்தது பணத்துக்காகவா?

பெரிய பணம் அங்கே இருக்கவில்லை. கான்லி மறுபடி பாட்டு எழுதத் தொடங்கியிருந்தார், புத்தகமும் வெளிவந்திருந்தது, கேட்பவர்களும் கூடியிருந்தார்கள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் சில கச்சேரிகள் மட்டும் என்றுதான் பேச்சு. 2002 ஜனவரியில் நியூயார்க் இர்விங் பிளாசாவில் ஏறியபோது முதல் காலத்தில் பார்த்த கூட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம் நின்றது. சில கச்சேரிகள் பதினெட்டு வருடமாக நீண்டன.

ஸ்வோப் திரும்ப வரவில்லை. அவர் இடத்தில் டேப் வேலைக்கு பாப் வெஸ்டன் வந்தார். ஷெல்லாக் குழுவின் பேஸ் கிடார்க்காரர், கைதேர்ந்த ஒலிப்பதிவாளர். பிரெஸ்காட்டின் வால்கேனோ சன்ஸிலும் முன்பு வாசித்தவர். வீட்டு ஆள் என்றே சொல்லலாம்.

அப்படியானால் மில்லரின் காது?

சரியாகவில்லை, சரியாகவும் ஆகாது. ஏற்பாடுகள் மாறின. டிரம்ஸைச் சுற்றி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு வைத்தார்கள். மில்லர் காதுக்குள் அடைப்பும் அதன்மேல் அந்தப் பழைய மாதிரி மூடியும் போட்டுக்கொண்டார்; மேடையில் தன் பக்கத்துச் சத்தம் குறைவாக வரும்படி நின்றுகொண்டார். முன்வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் பழைய சத்தம். வாசிக்கிறவருக்கு இல்லை.

மறுவருகை ஆல்பங்கள் தேறுமா? பொதுவாகத் தேறாதே?

பொதுவாக உண்மை. இங்கே பொய். 2004இல் 'ஆன்ஆஃப்ஆன்', 2006இல் 'த ஆப்ளிடராட்டி', 2009இல் 'த சவுண்ட் த ஸ்பீட் த லைட்' மூன்றும் மேட்டடோர் வெளியீடு. 2012இல் 'அன்சவுண்ட்' ஃபயர் ரெக்கார்ட்ஸ் வெளியீடு. முதல் வாழ்க்கையில் ஒரு முழு ஆல்பம், இரண்டாவதில் நான்கு! 'வெர்சஸ்' வந்து இருபத்தொன்றரை வருடம் கழித்து 'ஆன்ஆஃப்ஆன்' வருகிறது. அதில் அந்தக் காலத்தில் ஒழுங்காகப் பதிவாகாமல் போன பழைய பாட்டுகள் சிலவும் இருக்கின்றன. புதியது எது, பழையது எது என்று தெரியாமல் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான்கில் எனக்குப் பிடித்தது 'ஆப்ளிடராட்டி'. 'டோனா சுமேரியா' என்று ஒரு பாட்டு இருக்கிறது: டிஸ்கோ பாடகி டோனா சம்மரையும் சுமேரிய நாகரிகத்தையும் ஒரே பெயரில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஐம்பது வயதை ஒட்டியவர்கள் செய்கிற குறும்பு. 'சவுண்ட் ஸ்பீட்' சற்றுத் தளர்ச்சி. அவசரமாகத் தேட வேண்டாம்.

ஊர் இவர்களைக் கொண்டாடியதா?

2009 அக்டோபரில் பாஸ்டன் நகராட்சி ஒரு நாளை 'மிஷன் ஆஃப் பர்மா தினம்' என்று அறிவித்தது. சந்தோஷம்தான்.

இப்போது இருக்கிறார்களா?

இல்லை. 2020இல் இரண்டாவது முறையாக முடிந்தது. இந்த முறை விடைபெறும் பயணம், காது மூடிப் புகைப்படம் எதுவும் இல்லை, சத்தமில்லாமல் முடிந்தது. மில்லர் தொடர்ந்து தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் 'அகாடமி ஃபைட் சாங்'. மூன்று நிமிடச் சொச்சம். பிடிக்கவில்லையென்றால் இந்தக் குழு உங்களுக்கு இல்லை, நேரம் மிச்சம். பிடித்தால் 'ரிவால்வர்', அடுத்து 'வெர்சஸ்' முழுவதும் ஒரே மூச்சில். அதில் 'ட்ரெம் டூ' வரும்போது கிடார் அலை அலையாக நடுங்குவதைக் கவனியுங்கள். பிறகு நேராக 'ஆப்ளிடராட்டி'க்குத் தாவலாம், இடையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது தெரியாது.

ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் 'சிக்னல்ஸ்' தட்டின் கடைசிப் பாட்டை, 'ஆல் வேர்ல்ட் கௌபாய் ரொமான்ஸ்' என்பதை, ராத்திரிக்கு எடுத்து வையுங்கள். பாடல் வரி எதுவும் இல்லை, வெறும் வாசிப்பு. ஒலியைப் பாதிக்குக் கீழே வைத்தாலும் எல்லாம் கேட்கும்.